இடப்பக்கம் திரும்பும் வண்டி சைக்கிளை இடிப்பது ஏன்?

சைக்கிளை முந்திய கையோடு வண்டி இடப்பக்கம் ஒடித்தால், நேரே போகிற சைக்கிளின் வழி அடைபடும். சைக்கிளுக்குத் தனிக்கோடு போட்ட சாலையிலும் இது நடக்கும்.

காட்பாடி ரோட்டில் திரும்பும் பஸ்ஸைக் கவனியுங்கள். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக ஓரத்தை வெட்டும். இதுவும் ஏணி திரும்புவது போலத்தான்: நீள ஏணியை இருவர் தூக்கிக்கொண்டு சந்தில் திரும்பினால், முன்னால் போகிறவர் தப்பிவிடுவார். ஏணியின் நடுப்பகுதி மூலைச் சுவரில் உரசும். பஸ் திரும்பும்போது அந்த மூலையில்தான் சைக்கிள்காரர் இருக்கிறார். டிரைவர் கண்ணாடியில் பெரும்பாலும் தெரியாத இடமும் அதுதான்.

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிள் 3 நொடியில் 12 மீட்டர் வந்துவிடும். எனவே திருப்பத்துக்கு 30 மீட்டர் முன்பே இண்டிகேட்டர் போடுங்கள், கண்ணாடியைப் பாருங்கள், ஒடிக்கும் முன் இடது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். முன்னால் சைக்கிள் இருந்தால் தயவுசெய்து முந்தாதீர்கள், பின்னாலேயே போய்த் திரும்புங்கள். சில நொடிதான் தாமதமாகும். சைக்கிளில் போகிறவர்கள் சந்திப்பில் பஸ், லாரியின் இடப்பக்க இடுக்கில் நுழையவே கூடாது, அது நின்றிருந்தாலும்.

இண்டிகேட்டர் போட்டுவிட்டால் சைக்கிள்தான் நிற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இண்டிகேட்டர் திரும்பப் போவதை அறிவிக்கும், முன்னுரிமை தராது.