எம்.எல்.ஏ.க்கள் சபையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறதா? இருந்தும் ஏன் இத்தனை கூச்சல்? ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். இருக்கிறது. தன் நடைமுறை விதிகளை ஒவ்வொரு சட்டமன்றமும் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று அரசியலமைப்பின் 208ஆவது பிரிவு சொல்கிறது. நம்முடையதற்குத் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை விதிகள் என்று பெயர். பேசுகிறவர் சபாநாயகரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக் கூடாது. கோர்ட்டில் இருக்கும் வழக்கைத் தொடக் கூடாது. நீதிபதியின் நடத்தையை விவாதிக்கக் கூடாது என்பது அரசியலமைப்பிலேயே, 211ஆவது பிரிவில் இருக்கிறது. மீறினால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் அந்த வார்த்தை அவைக் குறிப்பிலிருந்து நீக்கம், அதற்கும் அடங்காவிட்டால் அவைக்காவலர் வந்து வெளியேற்றுவார், கடைசியில் சஸ்பெண்ட்.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். என் கணக்கில் கூச்சல் இரண்டாம்பட்சம். சபையில் பெரிய தவறு நடக்கிற நாளில் பெரும்பாலும் சத்தமே இருக்காது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. காவிரி டெல்டாவில் பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். சட்டமன்றக் கேள்விகளுக்கு எங்கள் பக்கத்திலிருந்து போகும் பதில் குறிப்புகள் பல வருடம் என் மேஜையைத் தாண்டித்தான் போயின. கூட்டத்தொடர் தொடங்கிவிட்டால் ஆபீஸில் ஒருவருக்கும் லீவு கிடையாது. காலையில் கேள்வி வரும், மாலைக்குள் பதில் போக வேண்டும்.

அந்தக் கேள்விகளுக்கு என்று ஒரு வடிவம் உண்டு. ‘(அ) இன்ன தாலுகாவில் கடைமடைப் பகுதிக்குப் போதிய தண்ணீர் சென்று சேரவில்லை என்பதை அரசு அறியுமா? (ஆ) அறியுமெனில், எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?’ இதற்குப் போகிற பதிலுக்கும் ஒரு வடிவம் உண்டு. ‘(அ) இல்லை. (ஆ) எழவில்லை.’ அதாவது, அந்தக் கேள்வியே எழவில்லை. அவ்வளவுதான். தலைஞாயிறு பக்கமோ கோட்டூர் பக்கமோ பயிர் காய்ந்துகொண்டிருக்கும். வேதாரண்யம் போகிற வழியில் சாலை மறியலே நடந்துகொண்டிருக்கும். பதிலில் மட்டும் எதுவும் எழாது.

இதை எழுதியவர்கள் பொய் எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. தலைப்பு மதகில் எவ்வளவு கனஅடி திறந்தோம் என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. வெண்ணாற்றில் இவ்வளவு, கல்லணைக் கால்வாயில் இவ்வளவு, முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் எத்தனை நாள் என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். கடைசி மதகைத் தாண்டி வயலுக்கு எவ்வளவு போனது என்பதற்கு அந்த மாதிரிப் பதிவேடு கிடையாது. மதகைத் திறந்து மூடும் லஸ்கருக்குத் தெரியும், விவசாயிக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. கோப்பில் இல்லாததை அமைச்சர் சபையில் சொல்ல மாட்டார்.

நம் விதிகளில் ஒரு கோணல் இருப்பது இங்கேதான் தெரிகிறது. கேள்வி கேட்பவரை விதி நன்றாகக் கட்டிப்போடுகிறது. கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது, கிண்டல் இருக்கக் கூடாது, யூகம் இருக்கக் கூடாது, கருத்து கேட்கக் கூடாது. பதில் சொல்பவருக்கு இந்த அளவு கட்டு இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் முந்தைய ஆட்சியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாலும் அது பதில்தான். அமைச்சர் இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சபாநாயகர் கட்டாயப்படுத்துவதை நான் கண்டதில்லை.

ஆனால் ஒரு ஓட்டை, நல்ல ஓட்டை, உண்டு. அதுதான் துணைக் கேள்வி. எழுதிக் கொடுத்த கேள்விக்கு எழுதி வைத்த பதிலைப் படித்துவிடலாம். அதன் பிறகு எழுந்து நின்று கேட்பதற்கு எழுதி வைக்க முடியாது. டெல்டாவில் சில எம்.எல்.ஏ.க்கள், எந்தக் கட்சி என்று பிரிக்க வேண்டாம், வாய்க்கால் பெயரைச் சொல்லி, மதகு எண்ணைச் சொல்லி, ‘அங்கே கடைசியாக எப்போது அளவு எடுத்தீர்கள்?’ என்று கேட்பார்கள். அவர்கள் பெயரில் கேள்வி வந்தாலே எங்கள் செயற்பொறியாளர் ஜீப்பை எடுக்கச் சொல்லிவிடுவார். ஒழுங்கு நடவடிக்கை, வெளியேற்றம் எதுவும் இல்லாமல் ஒரு துறையை வயலுக்கு இறக்க அந்த ஒரு கேள்வி போதும். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாக வருகிறது, பாருங்கள். அவையில் மேஜை தட்டும் காட்சியைவிட சுவாரசியமாக இருக்கும்.

இப்போது 2023 ஏப்ரலுக்கு வருகிறேன். ஒரே சபை, ஒரே மாதம், இரண்டு விதமான நடத்தை.

ஒன்றிய அரசு நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி மூன்றையும் சேர்த்திருந்தது தெரியவந்தது. டெல்டா முழுக்கக் கொதித்தது. ஏப்ரல் 5ஆம் தேதி சபையில் சிறப்புக் கவன ஈர்ப்புத் தீர்மானம் வந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பலரும் பேசினார்கள். முதல்வர் ஸ்டாலின் எழுந்து ‘நானும் டெல்டாக்காரன்தான்’ என்று சொல்லி, அனுமதிக்க மாட்டோம் என்றார். ஏப்ரல் 8ஆம் தேதி மூன்று பகுதிகளையும் ஏலத்திலிருந்து எடுத்துவிட்டதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். சபை மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை, தெருவிலும் அழுத்தம் இருந்தது, டெல்லியிலும் பேசினார்கள். ஆனாலும் அவசர விஷயம் ஒன்றைக் கட்சி வித்தியாசம் இல்லாமல் அவையின் முன் வைக்க விதிகளில் வழி இருக்கிறது, அதை எல்லோரும் பயன்படுத்தினார்கள்.

அதே மாதம் 21ஆம் தேதி. கூட்டத்தொடரின் கடைசி நாள். சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் அன்றுதான் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பெரிய திட்டம் வரும்போது, அதற்குள் ஏரி, வாய்க்கால், ஓடை இருந்தால் என்ன செய்வது என்பது பற்றிய சட்டம் அது. தண்ணீர் ஓடும் வழியை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரனுக்கு இதைவிட முக்கியமான மசோதா எது இருக்க முடியும்? விவாதமே இல்லாமல் நிறைவேறியது. கூச்சல் இல்லை, யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. விதிமீறல் என்று எதையும் காட்ட முடியாது. விவசாயச் சங்கங்கள் விழித்துக்கொண்டு கண்டனம் தெரிவித்தபோது சபை முடிந்து எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

அன்றைக்கே நிறைவேறிய இன்னொரு மசோதா உங்களுக்கு நினைவிருக்கும், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலை பற்றியது. அதில் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. சில நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் சொன்னார். எதிர்ப்புச் சத்தம் கேட்ட மசோதா திரும்பிப் போனது, சத்தமில்லாமல் போன மசோதா சட்டமாகி நிற்கிறது.

இதற்கு மூன்று வருடம் முன்னால், வேறு ஆட்சியில், டெல்டாவில் விவசாயத்தைப் பாதிக்கும் புதிய தொழில்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் இப்படித்தான் வந்தது. முதல்வர் எடப்பாடி பழனிசாமி 2020 பிப்ரவரி 9ஆம் தேதி தலைவாசலில் அறிவித்தார், 20ஆம் தேதி மசோதா வந்தது, அன்றே நிறைவேறியது. தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று திமுக கேட்டது, ஏற்கவில்லை, அவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். நல்ல நோக்கம் உள்ள சட்டம்தான், டெல்டாவில் அதை வேண்டாம் என்று சொன்னவர் குறைவு. ஆனால் அறிவிப்பில் இருந்த திருச்சி, கரூர், அரியலூர் சட்டத்தில் இல்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த எண்ணெய், எரிவாயு வேலைகளை அது தொடவும் இல்லை. தேர்வுக் குழு என்பது இதற்காகத்தானே இருக்கிறது? உட்கார்ந்து ஒவ்வொரு உட்பிரிவாகப் படித்து, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அரியலூர் ஏன் விடுபட்டது என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். எதிர்க்கட்சியாக இருக்கும்போது தேர்வுக் குழு கேட்பதும், ஆளுங்கட்சி ஆனதும் கடைசி நாளில் மசோதாவைத் தள்ளிவிடுவதும் இரண்டு பக்கமும் பழகிவிட்ட பழக்கம்.

110ஆவது விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், கிராமத்து டீக்கடையில்கூட எண்ணோடு தெரிந்த ஒரே விதி அதுதான். பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்தில் அமைச்சர் அறிக்கை படிக்கலாம், அப்போது யாரும் கேள்வி கேட்கக் கூடாது. 2011க்குப் பிறகு ஜெயலலிதா ஆட்சியில் அறிவிப்புகள் வரிசையாக இந்த விதியின் கீழ் வந்தன. விதிப்படி தவறே இல்லை. கேள்வி கேட்க முடியாத இடத்தில் எல்லாவற்றையும் அறிவித்துவிட்டால் கேள்வி நேரம் எதற்கு என்பதுதான் என் வருத்தம்.

சரி, கூச்சலுக்கு வருவோம். அதில் சபாநாயகர்தான் எல்லாம். சபாநாயகர் பி.எச்.பாண்டியன் காலத்தில் ‘வானளாவிய அதிகாரம்’ என்ற சொல் பிரபலமானது. அந்த வானத்துக்கு எல்லை உண்டு என்று நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட்டன. 1987இல் ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு அவை 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டுவிட்டார்கள். பின்னால் உயர் நீதிமன்றம் அவருக்கு 1000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2015இல் சஸ்பெண்ட் ஆன 6 தேமுதிக உறுப்பினர்கள் விஷயத்தில், அவர்களுக்கு எதிரான வீடியோவை அவர்களுக்கே காட்டாமல் தண்டித்தது தவறு என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017இல் குட்கா பாக்கெட்டைச் சபைக்குள் காட்டியதற்காக திமுக உறுப்பினர்களுக்கு உரிமை மீறல் நோட்டீஸ் வந்தது, அதையும் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ரத்து செய்தார், ஆனால் 2024இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. மகாராஷ்டிராவில் 12 பேரை ஒரு வருடம் சஸ்பெண்ட் செய்த வழக்கில், அந்தக் கூட்டத்தொடரைத் தாண்டி சஸ்பெண்ட் செல்லாது என்று 2022இல் தீர்ப்பு வந்தது. ஒரு வருடம் எம்.எல்.ஏ. உள்ளே போக முடியாவிட்டால் தண்டனை அவருக்கா, ஓட்டுப் போட்ட தொகுதிக்கா? நியாயமான கேள்வி.

நடைமுறை விதியைச் சபை பார்த்துக்கொள்ளட்டும், ஒழுங்குமுறைக் குறைக்காக மட்டும் கோர்ட் தலையிடாது என்கிறது 212ஆவது பிரிவு. அது வேறு, லஞ்சம் வேறு. சபையில் ஓட்டுப் போடவோ பேசவோ பணம் வாங்கினால் உறுப்பினர் என்ற சிறப்புரிமை காப்பாற்றும் என்று 1998இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருந்தது. 2024 மார்ச் 4ஆம் தேதி ஏழு நீதிபதிகள் சேர்ந்து அதைத் தூக்கிவிட்டார்கள். இப்போது பணம் வாங்கியதுமே குற்றம், அப்புறம் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதே கணக்கில் வராது.

கேள்வி கேட்டவர் திருத்துறைப்பூண்டிக்காரர் என்று குறிப்பில் பார்த்தேன். அதனால் ஒரு உபயோகமான விஷயம். பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வரும். வருவதற்கு முன்னால் மாவட்ட ஆட்சியர் பத்திரிகைச் செய்தி கொடுப்பார், எத்தனை நகல், கடைசித் தேதி எல்லாம் அதில் இருக்கும். மனு ஒரே பிரச்சினையைப் பற்றியதாக, பல வருடமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். பட்டா, ஓய்வூதியம், வேலை, கடன், கோர்ட்டில் உள்ள வழக்கு இதெல்லாம் எடுக்க மாட்டார்கள். வடிகால் தூர்ந்து ஊரே முழுகுவது, பாலம் பாதியில் நிற்பது போன்றவை எடுபடும். உறுதிமொழிக் குழு என்றும் ஒன்று உண்டு, ‘பரிசீலிக்கப்படும்’ என்று அமைச்சர் சபையில் சொன்னது என்ன ஆயிற்று என்று துறைகளைக் கேட்பது அதன் வேலை. உங்கள் தொகுதி விஷயத்தில் அப்படி ஏதாவது வாக்குறுதி இருந்தால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கேளுங்கள். மனுவில் வாய்க்கால் பெயர், மதகு எண், எந்த வருடம் முதல் என்பதை மறக்காமல் எழுதுங்கள். அந்த மூன்றும் இருக்கிற மனுவுக்கு ‘எழவில்லை’ என்று பதில் எழுதுவது ரொம்பச் சிரமம், அனுபவத்தில் சொல்கிறேன்.