சீசன் சரக்கும் மார்ச் கணக்கும்: மலைக் கடைக்காரர்களின் கேள்வி பதில்

நீலகிரி வியாபாரிகள் அனுப்பிய கேள்விகள் இவை. குன்னூரில் வரிக் கணக்கு பார்ப்பவன் நான். சில பதில்கள் நீளும், சில ஒரே வரியில் முடியும், வருத்தப்பட வேண்டாம்.

ஊட்டி, சாக்லேட் கடை: ஏப்ரல், மே சீசனுக்காக மார்ச்சிலேயே நான்கு லட்சத்துக்குச் சரக்கு எடுத்துவிட்டேன் ஐயா. முழுவதையும் இந்த ஆண்டுச் செலவாகக் காட்டலாமா?

முடியாது. மலையில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கிடங்கு நிரம்பி வழியும் நேரத்தில்தான் நமக்கு நிதியாண்டு முடியும் மார்ச் 31 வருகிறது. அன்று விற்காமல் இருப்பது இறுதி இருப்பு. அதை இந்த ஆண்டுக் கொள்முதலிலிருந்து கழிக்க வேண்டும். அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பாக அது மீண்டும் வரும். எனவே நஷ்டமில்லை, ஓராண்டு தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அன்று இரவு கடையடைத்த பிறகு கோகோ, முந்திரி, தயாரான சாக்லேட், அட்டைப்பெட்டி வரை எண்ணி, வாங்கிய அல்லது தயாரித்த விலையில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெளுத்துப்போன சாக்லேட் அடக்க விலைக்கும் போகாது என்றால், என்ன விலைக்குப் போகுமோ அதைப் போடலாம். ஜூன் மாதம் உட்கார்ந்து குத்துமதிப்பாக எழுதும் இருப்பை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

கையோடு இன்னொன்று: தெர்மல் தாளில் அச்சான பில்லை உடனே நகலெடுங்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது வெற்றுத்தாளாகிவிடும்.

கோத்தகிரி, தேயிலைத் தோட்டம்: பச்சை இலையை ஃபேக்டரிக்குக் கொடுக்கிறேன். வருமான வரி உண்டா?

பச்சை இலை விற்ற பணம் விவசாய வருமானம். மத்திய வருமான வரி இல்லை. வேறு வருமானமும் இருந்தால், வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் இதைச் சேர்ப்பார்கள். சொந்த இலையை நீங்களே தேயிலைத் தூளாக்கி விற்றால், லாபத்தில் 40 சதவீதம் வியாபார வருமானம். மீதி 60 விவசாயம்.

குன்னூர், கடையும் இரண்டு அறை ஹோம்ஸ்டேயும்: விற்பனை 40 லட்சத்தைத் தாண்டவில்லை. ஜிஎஸ்டி பதிவு தேவையில்லைதானே அண்ணா?

40 லட்சம் வரம்பு சரக்கு மட்டும் விற்பவருக்கு. தங்கும் அறை சேவை. ஒரே பான் எண்ணில் இரண்டையும் நடத்தினால் மொத்த விற்றுமுதலுக்கு 20 லட்சம்தான் வரம்பு. இன்றே கூட்டிப் பாருங்கள் தம்பி. கூட்டும்போது, முன்பதிவுத் தளம் கமிஷனைப் பிடித்துக்கொண்டு வங்கிக்கு அனுப்பிய தொகையை வரவாக எழுதாதீர்கள். விருந்தினர் கொடுத்த முழுத் தொகை வரவு, கமிஷன் செலவு.

ஊட்டி, பரிசுப் பொருள் கடை: யூபிஐ வைத்தால் மாட்டிக்கொள்வோம். ரொக்கம் மட்டும் என்று அட்டை மாட்டிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யூபிஐ வரவைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரு கடைகளில் இந்த அட்டை தொங்கியது. அந்தப் பயம் அங்கிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளோடு மலையேறிவிட்டது. நோட்டீஸ் வந்தது யூபிஐ வைத்ததற்காக அல்ல; விற்பனை ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யவில்லை என்பதற்காக.

அவரே மீண்டும்: ரொக்கம் என்றால் யாருக்கும் தெரியாதே?

நீங்கள் வாங்கிய சரக்குக்கு பில் போட்டவர் அதைத் தன் கணக்கில் காட்டியிருப்பாரே! கணக்கும் போட்டுப் பார்ப்போம். விற்பனையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தையே லாபமாக எடுத்துக்கொண்டு வரி கணக்கிடுவது உத்தேச வருமான முறை. அதில் 30 லட்சம் விற்பனை முழுவதும் யூபிஐ என்றால் லாபம் 6 சதவீதம், அதாவது 1,80,000. முழுவதும் ரொக்கம் என்றால் 8 சதவீதம், 2,40,000. 2025-26 நிதியாண்டில் புதிய வருமான வரி முறைப்படி 4 லட்சம் வரை வரியே இல்லை. வேறு வருமானம் இல்லாதவர் எதை மறைத்து எதை மிச்சம் பிடிக்கிறார்?

கோத்தகிரி, வர்க்கி அடுமனை: ரொக்கக்காரருக்கு என் பதில்: போன ஆண்டு அடுப்பு மாற்றக் கடன் கேட்டபோது வங்கி வரவைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

நன்றாகச் சொன்னீர்கள் அம்மா.

பரிசுப் பொருள் கடை: கணக்கே எழுத வேண்டாம் என்பதுதானே உத்தேச முறை? பிறகு எதற்கு இந்தக் கூத்து?

புத்தகம் வைக்கும் கட்டாயம்தான் இல்லை. விற்பனை எவ்வளவு என்று தெரியாமல் எதற்கு 6 சதவீதம் போடுவீர்கள்? தினமும் கல்லா எண்ணி ஒரு வரி எழுதுங்கள். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். மகள் கல்லூரிக் கட்டணமும் கடை வரவும் ஒரே கணக்கில் கிடந்தால் பிரித்தெடுக்க என்னாலும் ஆகாது.

அருவங்காடு, மளிகை: ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?

குன்னூர்க்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கூடலூர், மசாலா கடை: ஜிஎஸ்டி கட்டாயமா?

மேலே பாருங்கள். நான்காவதாக யாரும் கேட்க வேண்டாம்.

ஊட்டி, தைல வியாபாரி: தைலம் காய்ச்சுபவர்களுக்கு ரொக்கமாகவே கொடுக்கிறோம்.

உத்தேச முறையில் இல்லாமல் கணக்கெழுதி உண்மை லாபம் காட்டுபவர் என்றால், ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தது பொதுவாகச் செலவாக ஏற்கப்படாது. வங்கி வழியாகக் கொடுங்கள்.

குன்னூர், அறை ஏற்பாடு செய்பவர்: எனக்கும் உத்தேச முறை உண்டா?

இல்லை. கமிஷன் வருமானத்துக்கு அது பொருந்தாது. கணக்கு எழுதத்தான் வேண்டும்.

ஊட்டி, இன்னொரு சாக்லேட் கடை: விற்றுமுதலில் ஒரு சதவீதம் மட்டும் ஜிஎஸ்டி கட்டும் இணக்கத் திட்டத்துக்கு (காம்போசிஷன்) மாறலாமா? பெங்களூருக்கு கூரியரிலும் அனுப்புகிறேன். உணவு உரிமமும் புதுப்பிக்க வேண்டும்.

கூரியரை விட மனமிருந்தால் மாறலாம். அந்தத் திட்டத்தில் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டி 18 போய் 5 சதவீதம் ஆகிவிட்டது. சரக்கு வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியையும் கழித்தால் சாதாரண முறையே உங்களுக்குக் கட்டுப்படியாகலாம். மாறுவதென்றால் மார்ச் 31க்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். உணவு உரிமத்துக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அது என் துறை அல்ல.