நண்பர் வீட்டு சோபாவில் உறங்கும் இளைஞருக்கு மருத்துவ மையம் என்ன செய்யலாம்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சமூக மருத்துவ மையத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஆஸ்துமாவுக்காக அடிக்கடி வரும் 19 வயது இளைஞர் ஒருவர் வீடில்லாமல் நண்பர்களின் இடங்களில் மாறிமாறித் தங்குகிறார். அவருக்கு வீடு கிடைக்க எங்களால் உதவ முடியுமா?

பதில்: முடியும். குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் பொதுவாக வீட்டு வாடகையைத் தருவதில்லை. ஆனால் வீடு தேடித் தருவது, விண்ணப்பத்துக்குத் துணைநிற்பது, குடியேறியபின் அங்கே நிலைத்திருக்க உதவுவது போன்ற சேவைகளுக்கு அது பணம் தரலாம் என்று அதை நிர்வகிக்கும் மத்திய அமைப்பு 2015 ஜூனிலேயே மாநிலங்களுக்கு விளக்கியிருக்கிறது. உங்கள் மாநிலம் இவற்றில் எதைத் தருகிறது என்பதை மையத்தின் சமூகப் பணியாளரிடம் முதலில் கேளுங்கள்.

அடுத்தது, நீங்கள் கேட்கும் கேள்வி. முகவரி என்னவென்று கேட்டால், இப்படிப்பட்ட இளைஞர்கள் பெரும்பாலும் தாம் விட்டுவந்த வீட்டின் முகவரியையே சொல்வார்கள். “நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்? அங்கே இன்னும் எத்தனை நாள் இருக்கலாம்?” என்று கேளுங்கள். மத்திய வீட்டுவசதித் துறையின் விதிப்படி தெருவிலோ காரிலோ காப்பகத்திலோ இரவைக் கழிப்பவர் நேரடியாக வீடற்றவர் ஆவார். நண்பர் வீட்டில் தங்குபவரோ, 14 நாளுக்குள் வெளியேற வேண்டிய நிலையில், போக வேறிடமும் அதற்கான வசதியும் இல்லாதிருந்தால்தான் பொதுவாக அந்த வரையறைக்குள் வருவார். பள்ளிக் கல்விக்கான சட்டமோ வேறு வழியின்றிப் பிறர் வீட்டில் ஒண்டியிருப்பவரையும் வீடற்றவராகவே கொள்வதால், பள்ளியில் உதவி பெற்ற அதே பிள்ளை வீட்டுதவி அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. (வன்முறைக்குத் தப்பி வந்தவருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதையும் மெதுவாக, தனிமையில் கேட்டறியுங்கள்.)

ஆகவே ‘இவருக்கு ஆஸ்துமா, கருணை காட்டவும்’ என்ற கடிதத்தால் பயனில்லை. வெளியில் உறங்குபவரென்றால், எந்த இடம், எந்தத் தேதி முதல், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். உங்கள் நோயாளியைப் பொறுத்தவரை, எந்தத் தேதிக்குள் அவர் வெளியேற வேண்டும் என்று வீட்டைத் தந்த நண்பரே சொல்வதுதான் முக்கிய ஆதாரம். காப்பகத்திலோ தெருவிலோ இருந்து மருத்துவமனையில் சேர்ந்தவர் 90 நாளுக்குள் வெளியே வந்தால் அவருடைய வீடற்றவர் தகுதி நீடிக்கும் என்பதால், அத்தகையோரின் சேர்க்கை, விடுவிப்புத் தேதிகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அவர் எப்போதாவது ஃபாஸ்டர் கேர் எனப்படும் அரசுப் பராமரிப்பில் இருந்தாரா என்றும் கேளுங்கள். பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். அப்படி இருந்தவர்களில் 18 முதல் 24 வயது வரையிலானோருக்கு 36 மாதங்களுக்கான தனி வாடகை வவுச்சர் (வாடகையின் ஒரு பகுதியை அரசு ஏற்கும் உதவிச் சீட்டு) உண்டு. நிபந்தனைகளுக்கு உட்பட்டு அது மேலும் 24 மாதங்கள் வரை நீளலாம். இதற்கு வீட்டை இழக்கும் அபாயத்தில் இருந்தாலே போதும். ஆனால் பரிந்துரை குழந்தைகள் நலத் துறையிடமிருந்துதான் வர வேண்டும். உங்கள் மையம் அனுப்ப முடியாது. 18 வயதை எட்டும்போது அந்தப் பராமரிப்பிலும் மெடிகெய்டிலும் இருந்தவருக்கு 26 வயது வரை மெடிகெய்ட் கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

பரிந்துரைக்கும்போது எண்ணை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நாட்டின் பெரும்பகுதியில் 211 என்ற எண், அப்பகுதியின் வீட்டுதவிப் பதிவு மையத்துக்கு வழிகாட்டும். அவரை அருகில் உட்காரவைத்து நீங்களே அழையுங்கள். மருந்தை ஒழுங்காக எடுத்தால்தான் உதவி என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள். தலைக்குமேல் கூரையில்லாதவருக்கு இன்ஹேலரைத் தொலைக்காமல் வைத்திருப்பதே பெரும்பாடு. சார்ஜ் இல்லாத கைபேசிக்கு வந்து தவறிய ஓர் அழைப்பால் வரிசையில் இருந்த இடமே பறிபோகலாம். எனவே எழுத்துமூலம் ஒப்புதல் பெற்று, பதிவுப் படிவத்தில் மாற்றுத் தொடர்பாக உங்கள் மையத்தின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.