ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா

அன்புள்ள ஐயா,

என் கூடப்பிறந்த ஆச்சிக்கு வயது 38. மூன்று வருடமாக இருமல், வீசிங். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், பெரிதாகக் கேட்கவில்லை. இரண்டு தடவை நிமோனியா வந்தது, இரண்டுமே வலது பக்கம் கீழே. போன மாதம் சளியில் ரத்தம். காரைக்குடியில் எடுத்த எக்ஸ்ரே நார்மல். டி.பி. மருந்தை ஆரம்பித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். மதுரைக்குப் போய் சிடி எடுப்பது வீண் செலவா?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

வீண் செலவே இல்லை, இந்த வாரமே எடுங்கள்.

நிமோனியா யாருக்கும் வரும். ஆனால் அதே இடத்தில் மறுபடி வந்தால், அந்தப் பகுதிக்குப் போகிற மூச்சுக்குழாயை ஏதோ அடைக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சிக்கிய புளியங்கொட்டையாக இருக்கலாம், டி.பி.யால் வீங்கிய நெறிக்கட்டியாக இருக்கலாம், கார்சினாய்டு என்கிற மெதுவாக வளரும் கட்டியாகவும் இருக்கலாம். நுரையீரல் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான், பீடி சிகரெட் தொடாதவர்களுக்கும் வரும், அதனாலேயே பலருக்கு வருடக்கணக்கில் ஆஸ்துமா என்றே வைத்தியம் நடந்துவிடுகிறது.

எக்ஸ்ரே நார்மல் என்பதை நம்பி உட்கார வேண்டாம். பெரிய மூச்சுக்குழாய்கள் இதயமும் பெரிய ரத்தக்குழாய்களும் விழுத்துகிற நிழலுக்குள் இருக்கின்றன, சின்னக் கட்டி அதில் மறைந்துவிடும். கட்டியைவிட அதன் விளைவுதான் படத்தில் முதலில் தெரியும்: ஒரு பகுதி சுருங்கியிருக்கும், அல்லது உள்ளே போன காற்று வெளியேற முடியாமல் ஒரு பக்கம் மட்டும் அதிகக் கறுப்பாக இருக்கும்.

சிடியைக் கான்ட்ராஸ்ட் ஊசியோடு எடுக்கச் சொல்லுங்கள் (அதற்கு முன், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள்). இந்தக் கட்டிக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால் ஊசி போட்டால் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். உருண்டையாக, ஓரம் வழுவழுப்பாக, சில சமயம் சுண்ணாம்புப் படிவத்தோடு இருக்கும். குழாய்க்குள் தெரிவது கொஞ்சமாகவும் வெளியே பெரும்பகுதியாகவும் இருப்பதுண்டு. வழக்கமான பெட் ஸ்கேனில் (கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஏற்றி, அதை இழுக்கும் இடங்களைப் படமெடுப்பது) இது சரியாக ஒளிராமல் போகலாம், மெதுவாக வளர்வது சர்க்கரையைக் குறைவாகத்தான் இழுக்கும். அதில் ஒன்றுமில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள், இதற்கென்றே காலியம் டோட்டாடேட் பெட் இருக்கிறது.

அப்புறம் பிராங்கோஸ்கோபி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. பரிசோதனைக்குத் தசை எடுக்கும்போது ரத்தம் கசியலாம், அதைச் சமாளிக்க வசதியுள்ள இடத்தில் செய்யுங்கள். டி.பி. மருந்தை ஆரம்பிக்கும் முன் சளிப் பரிசோதனை கட்டாயம். கார்சினாய்டாகவே இருந்தாலும் நிலைகுலைய வேண்டாம், சாதாரண வகை என்றால் அறுவை செய்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போல ஐந்து வருடம் தாண்டி நன்றாக இருக்கிறார்கள்.

போகும்போது பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். ஸ்கேன் சீட்டில் ‘இரண்டு முறையும் வலது கீழ்ப்பகுதியில் நிமோனியா, சளியில் ரத்தம்’ என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள், படம் பார்ப்பவர் முதலில் அந்தக் குழாயைத்தான் தேடுவார்.