பால் போதவில்லையோ?

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து ஆறு நாள்கள் ஆகின்றன. குழந்தையின் எடை சற்றுக் குறைந்திருப்பதால், தாய்ப்பால் போதவில்லையோ என்று அவள் அழுகிறாள். புட்டிப்பால் தொடங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், அம்மா. முதல் சில நாள்களில் எடை 10 விழுக்காட்டுக்குள் குறைவது பெரும்பாலும் இயல்பே. இரண்டு வாரங்களுக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடித்து, குறைந்தது 6 முறை சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குப் பால் போதுகிறது என்றே கொள்ளலாம். ஆனால் எழுப்பியும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலோ, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

உங்கள் மகளின் அழுகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உறக்கமின்மையாலும் ஹார்மோன் மாற்றத்தாலும் வரும் இக்கலக்கம் இரண்டு வாரங்களைத் தாண்டினால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். பாலூட்டி முடித்ததும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவளை உறங்க விடுங்கள்.