லிங்கை அழுத்தினால் செயலி திறக்கவில்லையா? கேள்வி பதில்

பிரவுசரில் ஒரு லிங்கை அழுத்துகிறோம். ஜூமோ, மெயில் செயலியோ, ஜிபேயோ திறக்க வேண்டும். எதுவும் நடப்பதில்லை. இது பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று.

லிங்கின் தொடக்கத்தில், முக்காற்புள்ளிக்கு (:) முன்னால் ஒரு சொல் இருக்கும். எச்டிடிபிஎஸ் என்றால் பிரவுசரே திறந்துகொள்ளும். மெயில்டு (மின்னஞ்சலுக்கு), டெல் (தொலைபேசிக்கு), யுபிஐ (பணம் செலுத்த) என்று வேறு ஏதாவது இருந்தால், "இதற்கு யார் பொறுப்பு?" என்று பிரவுசர் விண்டோஸிடமோ ஆண்ட்ராய்டிடமோ கேட்கும். அவை காட்டும் செயலிதான் திறக்கும். ஆகவே கோளாறு பக்கத்தில் இருக்கலாம், பிரவுசரில் இருக்கலாம், இயங்குதளத்தில் இருக்கலாம், செயலியிலும் இருக்கலாம். எங்கே என்று பார்க்காமல் பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான் பலரும் முதலில் செய்வது. அதில் பெரும்பாலும் பயன் இருக்காது.

பள்ளி ஆசிரியை, நாமக்கல்: விண்டோஸ் 11, குரோம். எந்த இணையதளத்திலும் மின்னஞ்சல் முகவரியை அழுத்தினால் அசைவே இல்லை சார். நான் ஜிமெயில்தான் பயன்படுத்துகிறேன்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள் அம்மா. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் எம்-ஏ-ஐ-எல்-டி-ஓ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விடாமல் ஒரு முக்காற்புள்ளி வைத்து என்டர் கொடுங்கள். இந்தச் சோதனையில் நீங்கள் அழுத்திய இணையப் பக்கத்துக்கு வேலையே இல்லை. மெயில் எழுதும் பக்கம் திறந்தால் விண்டோஸ் சரியாக இருக்கிறது, அந்தப் பக்கத்தையோ குரோமையோ பார்க்க வேண்டும். எதுவும் திறக்காவிட்டால், அல்லது நீங்கள் தொட்டே பார்க்காத ஏதோ ஒரு செயலி திறந்தால், விண்டோஸில் சரிசெய்ய வேண்டும்.

ஜிமெயிலைப் பிரவுசரிலேயே பார்ப்பவர்களுக்கு இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது. பலர் ஒன்றை மட்டும் செய்துவிட்டு "சரியாகவில்லை" என்கிறார்கள். ஒன்று, விண்டோஸில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் என்று போய், மேலே உள்ள தேடல் பெட்டியில் அதே மெயில்டு சொல்லைத் தட்டி, குரோமைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, குரோமில் ஜிமெயிலைத் திறந்து, முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைர வடிவம் போன்ற குறி தெரிகிறதா பாருங்கள். அதை அழுத்தி அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது.

குறியே வரவில்லை என்றால், முன்பு எப்போதோ வேண்டாம் என்று அழுத்தியிருக்கலாம். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அதற்குள் அடிஷனல் பெர்மிஷன்ஸ், அதற்குள் புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ். அனுமதி மறுத்த பட்டியலில் ஜிமெயில் இருந்தால் நீக்கிவிட்டு, ஜிமெயிலை மறுபடி திறங்கள். இன்றைக்கே அவசரமாக ஒரு மெயில் அனுப்ப வேண்டுமானால், அந்த முகவரியின் மேல் வலது கிளிக் செய்து நகலெடுத்துக்கொள்ளலாம்.

இல்லத்தரசி, திருச்சி: ஒரே கணினியில் கணவருக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒன்று. அவர் கணக்கில் ஜூம் லிங்க் திறக்கிறது. என் கணக்கில் பக்கம் வருகிறது, ஜூம் வருவதில்லை.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. விண்டோஸில் ஜூமை வழக்கமான முறையில் நிறுவினால், நிறுவியவருடைய கணக்குக்குள் மட்டும்தான் அது போய் உட்காரும். ஜூம் லிங்குக்கு நான்தான் பொறுப்பு என்ற பதிவும் அந்தக் கணக்கில் மட்டுமே இருக்கும். உங்கள் கணக்கில் நுழைந்து ஒருமுறை நிறுவுங்கள், போதும். அதுவரை அந்தப் பக்கத்தில் பிரவுசரிலேயே சேரும் வழி காட்டப்பட்டால் அதன் வழியாகவே சேர்ந்துகொள்ளலாம்.

நிறுவிய பிறகு குரோம் மேலே ஒரு சின்னப் பெட்டியில் ஜூமைத் திறக்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் பலர் அதை மூடிவிடுகிறார்கள். அப்படி ஆனால் பக்கத்தை மறுபடி ஏற்றி, லிங்கை நீங்களே அழுத்துங்கள். ஒருமுறை கேட்டு மறுக்கப்பட்ட பிறகு பக்கம் தானாகத் திறக்க முயன்றால் குரோம் விடாது. மனிதர் அழுத்தினால் மறுபடி கேட்கும்.

பொறியியல் மாணவர், கோவை: அண்ணா, உபுண்டு 22.04. ஃபயர்ஃபாக்ஸில் டெலிகிராம் லிங்க் எதுவும் திறக்கவில்லை. டெலிகிராம் தனியாக நன்றாக ஓடுகிறது.

தம்பி, உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் வடிவில்தான் வருகிறது. ஸ்னாப் என்றால் செயலியைச் சுற்றி ஒரு வேலி. வெளியே உள்ள செயலியை அது நேரடியாகக் கூப்பிட முடியாது, இடையில் உள்ள ஒரு சேவை வழியாகத்தான் கேட்க வேண்டும்.

கட்டளை தட்டும் டெர்மினலில், லிங்கை உரிய செயலியிடம் கொடுக்கும் எக்ஸ்டிஜி-ஓபன் கட்டளையோடு அந்த டெலிகிராம் லிங்கைக் கொடுத்துப் பார். டெலிகிராம் திறந்தால் உன் கணினியின் பதிவு சரி, சிக்கல் வேலியில். திறக்காவிட்டால் டெலிகிராம் தன்னைப் பதிவு செய்துகொள்ளவில்லை. வீட்டு அடைவில் கான்ஃபிக் என்ற மறைந்த அடைவுக்குள் மைம்ஆப்ஸ் பட்டியல் கோப்பு இருக்கும். அதில் டெலிகிராமின் வரி இருக்கிறதா பார். இல்லையென்றால் எக்ஸ்டிஜி-மைம் கட்டளையால் சேர்க்கலாம்.

வேலிதான் காரணம் என்று தெரிந்துவிட்டால் நான் சொல்வது ஒன்றுதான். மொசில்லாவே 2024 தொடக்கத்திலிருந்து ஃபயர்ஃபாக்ஸை இந்த வேலி இல்லாத டெப் தொகுப்பாகத் தன் களஞ்சியத்தில் தருகிறது. அதற்கு மாறிவிடு. புக்மார்க்குகளை முதலில் பத்திரப்படுத்திக்கொள்.

அச்சகம் நடத்துபவர், சிவகாசி: ஃபயர்ஃபாக்ஸில் ஒருமுறை தவறான செயலியைத் தேர்ந்தெடுத்து "எப்போதும் இதுவே" என்று டிக் போட்டுவிட்டேன்.

செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் கீழே அப்ளிகேஷன்ஸ் என்ற பட்டியல் இருக்கும். அந்த வகையை எடுத்து "எப்போதும் கேள்" என்று மாற்றுங்கள். பிடிஎஃப் கோப்பு உங்கள் அச்சு மென்பொருளில் திறக்க வேண்டுமானாலும் இடம் இதுவேதான். பட்டியலே குழம்பியிருந்தால், ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு, அது உங்கள் அமைப்புகளை வைத்திருக்கும் புரொஃபைல் அடைவில் ஹேண்ட்லர்ஸ் ஜேசன் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். புதியது தானாக உருவாகும்.

துணி விற்பனை செய்யும் சகோதரி, மதுரை: இன்ஸ்டாகிராமில் என் பக்க லிங்க் வழியாக வரும் வாடிக்கையாளர்கள் "பணம் செலுத்து" பொத்தானை அழுத்தினால் ஜிபே திறக்கவில்லை, "அன்நோன் யூஆர்எல் ஸ்கீம்" என்று பிழை வருகிறதாம். எனக்கு குரோமில் சரியாகத் திறக்கிறது. நிறைய விற்பனை போகிறது அண்ணா.

இதனால் நேரடியாகப் பண இழப்பு வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் அம்மா. இன்ஸ்டாகிராமுக்குள் லிங்கை அழுத்தும்போது வருவது குரோம் அல்ல. அந்தச் செயலி தனக்குள் வைத்திருக்கும் குட்டிப் பிரவுசர் அது. யுபிஐ என்று தொடங்கும் லிங்க் வந்தால் ஆண்ட்ராய்டிடம் கொடுத்துவிடு என்று அந்தச் செயலியை எழுதியவர்கள் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது யுபிஐ லிங்கையும் இணையப் பக்கமாக நினைத்துத் திறக்கப் பார்க்கும். அப்போது வருவதுதான் இந்தப் பிழை. வாடிக்கையாளரின் ஜிபேயிலோ வங்கியிலோ எந்தக் கோளாறும் இல்லை.

வாடிக்கையாளர் செய்ய வேண்டியது: மேலே மூன்று புள்ளியை அழுத்தி, வெளிப் பிரவுசரில் திறக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, அங்கே பணம் செலுத்த வேண்டும். ஆனால் இதை ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்க உங்களால் முடியாது. ஆகவே பொத்தானுக்குக் கீழேயே உங்கள் யுபிஐ ஐடியை நகலெடுக்கும்படி எழுத்தாகப் போடுங்கள், கியூஆர் படத்தையும் வையுங்கள். ஒரே கைபேசியில் பார்ப்பவர் அந்தப் படத்தைச் சேமித்து, பணம் செலுத்தும் செயலிக்குள் கேலரியிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்யலாம். கணினியில் பார்ப்பவருக்கும் கியூஆர்தான் வழி. அங்கே யுபிஐ லிங்கை ஏற்றுக்கொள்ளும் செயலி பொதுவாக இருப்பதில்லை, பொத்தான் சும்மா இருக்கும்.

இன்னொன்றையும் உங்கள் பக்கத்தில் எழுதிவையுங்கள்: பணம் பெற யுபிஐ ரகசிய எண் (பின் நம்பர்) தேவையே இல்லை. "ரீஃபண்ட் வர இந்த லிங்கை அழுத்தி பின் நம்பர் போடுங்கள்" என்று யாராவது அனுப்பினால் அது மோசடி.

இணையதளம் வடிவமைப்பவர், சென்னை: எங்கள் பயிற்சித் தளத்தில் ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) இருக்கும் லிங்க் குரோமில் மட்டும் செயலியைத் திறப்பதில்லை. தனிப் பக்கத்தில் திறக்கிறது.

ஐஃப்ரேமில் சாண்ட்பாக்ஸ், அதாவது உள்ளே இருக்கும் பக்கம் என்னென்ன செய்யலாம் என்ற கட்டுப்பாடு, போட்டிருப்பீர்கள். 2022-ல் குரோம் இதைக் கடுமையாக்கியது. பாப்அப்புக்கோ, மேல் பக்கத்தை நகர்த்தவோ அனுமதி இல்லாத சாண்ட்பாக்ஸிலிருந்து வெளிச் செயலியைத் திறக்க அது விடுவதில்லை. அதற்கென்றே தனி அனுமதியும் உண்டு. தேவையானதை மட்டும் சேருங்கள், சாண்ட்பாக்ஸையே எடுத்துவிடாதீர்கள். பக்கம் ஏறியவுடன் செயலியைத் திறக்காமல், பயனர் அழுத்தும் பொத்தானாக வையுங்கள்.

கணக்காளர், ஈரோடு: ஒவ்வொரு முறையும் "திறக்கட்டுமா" என்று கேட்பது எரிச்சலாக இருக்கிறது. எல்லாத் தளத்துக்கும் ஒரேயடியாக அனுமதி கொடுக்க முடியாதா?

வேண்டாம் சார், தயவுசெய்து வேண்டாம். 2022 மே மாதக் கடைசியில் ஃபோலினா என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. விண்டோஸின் கோளாறு கண்டறியும் கருவிக்கென்று தனி லிங்க் வகை ஒன்று இருந்தது. ஒரு வேர்ட் கோப்பு அந்த வகை லிங்கைப் பயன்படுத்தி, கணினியில் தான் நினைத்த கட்டளையை ஓடவிட முடிந்தது. ஜூனில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் தரும்வரை அது சொன்ன தற்காலிக வழி, அந்த லிங்க் வகையின் பதிவையே, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து நீக்கிவிடுவது. ஒரு லிங்கால் இவ்வளவு செய்ய முடியும் என்பதால்தான் பிரவுசர் கேட்கிறது.

குரோம் 2019-ல் "எப்போதும் அனுமதி" டிக் பெட்டியையே எடுத்துவிட்டது. பின்னால் திரும்பக் கொண்டுவந்தபோது, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் என்று மாற்றியே தந்தது. அலுவலக ஜூம் தளம் போல நன்கு தெரிந்த இடத்துக்கு டிக் போடுங்கள். மற்ற இடங்களில் பெட்டியில் எந்தச் செயலியின் பெயர் இருக்கிறது என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓய்வு பெற்ற அலுவலர், தஞ்சாவூர்: எனக்குத் தலைகீழ். அவுட்லுக்கில் லிங்கை அழுத்தினால் எட்ஜ் திறக்கிறது. என் டிஃபால்ட் ஃபயர்ஃபாக்ஸ்.

பழைய அவுட்லுக் என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் பக்கத்தில் லிங்க் ஹேண்ட்லிங் என்ற பகுதி இருக்கும். அங்கே டிஃபால்ட் பிரவுசர் என்று மாற்றுங்கள் ஐயா. விண்டோஸின் விட்ஜெட் செய்திகள் எட்ஜில் திறப்பது வேறு கதை. அவை எட்ஜுக்கென்றே உள்ள தனி லிங்க் வகையில் வருபவை, உங்கள் டிஃபால்டைப் பார்ப்பதில்லை.

வாசகர், யாழ்ப்பாணம்: ஆண்ட்ராய்டு புதிதாக்கிய பின் ஒரு செய்தித் தளத்தின் லிங்குகள் அதன் செயலியில் திறக்காமல் பிரவுசரில் திறக்கின்றன.

ஆண்ட்ராய்டு 12 முதல் அப்படித்தான். இந்தத் தளம் இந்தச் செயலிக்குச் சொந்தம் என்று தளத்தில் ஒரு கோப்பு வைத்து உறுதிப்படுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் லிங்க் நேரே பிரவுசருக்குப் போகும். நீங்களே அனுமதி கொடுக்கலாம்: செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், ஓபன் பை டிஃபால்ட் என்பதை அழுத்தி, ஆதரிக்கும் லிங்குகளைத் திறக்கும் விசையை இயக்கி, ஆட் லிங்கில் அந்தத் தளத்தின் முகவரிக்கு டிக் போடுங்கள். பட்டியலில் அந்த முகவரியே இல்லையென்றால் செயலி அதைக் கேட்டே வைக்கவில்லை. அதைச் செயலியை உருவாக்கியவர்கள்தான் சேர்க்க வேண்டும்.