ஆய்வு முறைகள்: அளவுசார், பண்புசார் – கேள்வி பதில்

மேடம், அளவுசார் ஆய்வு என்றால் எண், பண்புசார் ஆய்வு என்றால் பேட்டி என்று படித்துவிட்டேன். என் தலைப்புக்கு எது பொருந்தும் என்றுதான் புரியவில்லை. – சமூகப்பணி முதுகலை மாணவி

தலைப்பை வைத்து முடிவு செய்ய முடியாதும்மா. முதலில் உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். எத்தனை பேர், எவ்வளவு என்று கேட்டால் எண்ண வேண்டும். மக்கள் ஒரு விஷயத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2013–14இல் பீகார், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட 5 வட மாநிலங்களில் சுமார் 3,200 கிராமப்புற வீடுகளில், கழிப்பறைப் பயன்பாடு பற்றி ‘ஸ்குவாட்’ என்ற கணக்கெடுப்பு நடந்தது. நல்ல நிலையில் கழிப்பறை இருந்த வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில், ஒருவராவது திறந்த வெளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். கட்டிக் கொடுத்தாலே போதும் என்ற நம்பிக்கையை இந்த எண் உடைத்தது. ஆனால் காரணம்?

அதற்காக ஆய்வாளர்கள் கிராமங்களில் நீண்ட நேரம் பேசினார்கள். குழி நிரம்பினால் யார் அள்ளுவது என்ற கவலை திரும்பத் திரும்ப வந்தது. தீண்டாமையோடு பிணைந்த வேலை அது. மற்ற சாதியினர் தொட மாட்டார்கள். தலித்துகளும் அந்த இழிவை ஏற்க மறுத்து வருகிறார்கள். அரசு சொல்லும் அளவிலான சிறிய குழி சீக்கிரம் நிரம்பிவிடும் என்று பயந்தார்கள், பெரிய குழி கட்டவோ பணமில்லை. முன்கூட்டியே அச்சடித்த வினாத்தாளில் இந்தப் பதிலுக்கு ஒரு கட்டம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வரிசை இது.

வினாத்தாளை 1,000 பேரிடம் கொடுத்தால் முடிவு வலுவாகும்தானே சார் என்று கேட்டேன், நெறியாளர் சிரித்தார். ஏன்? – எம்.பில். முடித்தவர்

யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. லாண்டன் வெல்வார் என்று இதழ் எழுத, ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். பெயர்களைப் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் அவை யாரிடம் இருந்திருக்கும்! பதில் போடாதவர்களும் ஏராளம். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார்.

இத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று பாடநூல்களில் வரும் 385 என்ற எண்ணும் (95% நம்பக அளவு, 5% பிழை வரம்பு) சீரற்ற முறையில், அதாவது குலுக்கல் போல, ஆட்களைத் தேர்ந்தெடுத்தால்தான் செல்லும். வாட்ஸப்பில் படிவத்தைச் சுற்றவிட்டு 385 சேர்த்தால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை.

நான் 14 செவிலியர்களிடம் மட்டும் பேட்டி எடுத்திருக்கிறேன் அக்கா. வாய்மொழித் தேர்வில் குறைவு என்பார்களோ? – செவிலியர் கல்லூரி மாணவி

கேட்பார்கள், பதிலோடு போங்கள். புதிய பேட்டியில் புதிய கருத்து எதுவும் வராத நிலையைத் ‘தெவிட்டுநிலை’ என்பார்கள். கானா, நைஜீரியாவில் எடுத்த 60 பேட்டிகளை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, பெரும்பாலான கருத்துகள் முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே வந்துவிட்டதாகக் காட்டியது. அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரியான பெண்களிடம். உங்கள் 14 பேரில் அரசு, தனியார், இரவுப் பணி என்று கலந்திருந்தால் இன்னும் சிலரைச் சேருங்கள். எந்தப் பேட்டிக்குப் பிறகு புதிதாக ஒன்றும் வரவில்லை என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், அப்புறம் அதைக் காட்டலாம். 14 பேரை வைத்து ‘70 சதவீதச் செவிலியர்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வினாத்தாள் கடைசியில் ‘வேறு கருத்துகள்’ என்று இடம் விட்டால், இரண்டும் சேர்ந்த கலப்பு முறை ஆகிவிடுமா?

ஆகாது. பண்புசார் பகுதிக்கென்று தனிக் கேள்வி, தனியாகத் திரட்டல், தனிப் பகுப்பாய்வு வேண்டும்.

பேட்டிகளைப் பகுத்தாய உதவும் என்விவோ மென்பொருள் வாங்க வேண்டுமா?

பத்து இருபது பேட்டிகளுக்குத் தேவையில்லை. அச்செடுத்து, எந்த வரியில் என்ன கருத்து என்று வண்ணப் பேனாவால் குறியிடுங்கள். பேட்டி தமிழில் என்றால் குறியீட்டையும் தமிழிலேயே செய்யுங்கள். மேற்கோள் காட்டும் பகுதிகளை மட்டும் கடைசியில் ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும்.